மடித்து வெட்டிய துணி

சண்டை ஒரு சட்டையில்தான் ஆரம்பித்தது. அதுவும் வாடிக்கைக்காரர் சட்டை இல்லை. டெய்லரக்கா தனக்கென்று தைத்துக்கொண்ட வேலைச்சட்டை. சாம்பல் நிறக் காட்டன், முன்பக்கம் பொத்தான், இடுப்பில் இரண்டு பை. ஒரு பையில் அளவு டேப்பும் இன்னொன்றில் சாக்பீஸும் எப்போதும் கிடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, பள்ளிச் சீருடை வேலை வந்து குவிவதற்கு முன்னால், தனக்கு இரண்டும் நாத்தனாருக்கு இரண்டுமாக நான்கு சட்டை தைத்துவிடுவாள். சீசன் தொடங்கிவிட்டால் சொந்தத் துணிக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட நேரம் கிடைக்காது.

"கொஞ்ச நாளாவே பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உன் கத்தரி கோணலாப் போகுது," என்றாள் டெய்லரக்கா. மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணையும் ஊசியிலிருந்து எடுக்கவில்லை.

வெட்டு மேஜையில் நீலத்துணியை வெட்டிக்கொண்டிருந்த நாத்தனார் கத்தரியைப் பாதியிலேயே நிறுத்தினாள். "என்ன சொன்னீங்க அண்ணி?"

"என் புதுச் சட்டையைச் சொன்னேன். ரெண்டுமே இடது பக்கம் உப்பிக்கிட்டு நிக்குது. வலது பக்கம் கன கச்சிதமா உக்காருது. ஒரு தடவை டாட்டைப் பிரிச்சு அரை சென்டி உள்ள பிடிச்சேன். பத்து நாள் கழிச்சு மறுபடி உப்புது. மறுபடி பிடிச்சேன். நேத்து மூணாவது தடவை."

டாட் என்பது மார்பின் வடிவத்துக்குத் துணி படிய வேண்டும் என்பதற்காக உள்பக்கம் கூம்பாகப் பிடிக்கும் சின்ன மடிப்புத் தையல். பெண்கள் சட்டை தைப்பவருக்கு மானமும் மரியாதையும் அதில்தான். அது சரியாக விழுந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். தவறினால் தெருவே பேசும்.

"மூணு தடவை பிரிச்சீங்க. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லலை."

"சொன்னா உனக்கு மூஞ்சி தொங்கிப் போயிடும். அதான் நானே சரி பண்ணிக்கிட்டேன்."

நாத்தனாருக்கு முகம் தொங்கவில்லை, சிவந்துவிட்டது. டெய்லரக்காவின் கணவருக்கு அவள் ஒரே தங்கை. வீடு அடுத்த தெருவில். பதின்மூன்று வருஷமாக இந்தக் கடையில் அவள் வெட்டுவாள், அண்ணி தைப்பாள். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னல் ஓரம் இரண்டு மிஷின், பழைய கதவு ஒன்றைக் கழற்றிக் கால் பொருத்திச் செய்த வெட்டு மேஜை, மூலையில் திரை போட்டு மறைத்த ஆளுயரக் கண்ணாடி. இந்தப் பக்கத்து வேலையில் அந்தப் பக்கம் தலையிடுவதில்லை என்பது எழுதாத சட்டம். அதை இன்று அண்ணி மீறிவிட்டாள்.

"அண்ணி, நான் துணியை எப்படி வெட்டுறேன்?"

"இது என்ன கேள்வி. மடிச்சுப் போட்டு வெட்டுற."

"ரெண்டா மடிச்சு, மேல பேப்பரை வெச்சு, ஒரே வெட்டு. இடதும் வலதும் ஒண்ணு மேல ஒண்ணா கிடக்குது. நான் கோணலா வெட்டினா ரெண்டு பக்கமும் கோணலாகணும். இடது மட்டும் எப்படிக் கோணலாகும்?"

டெய்லரக்காவின் கால் மிதியில் நின்றது. வாதத்தில் தோற்றால் அவள் எப்போதும் செய்வதைத்தான் அப்போதும் செய்தாள். "எனக்கு அதெல்லாம் தெரியாது. உப்புது, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. அனல் அடித்த நாட்கள் அவை. மின்விசிறி காற்றைக் கொண்டுவந்து கொட்டாமல், இருந்த சூட்டையே சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தபடியே இருவரும் வீட்டுக்காரரைத் தபால்காரராக்கிவிட்டார்கள். அவர் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்பவர். மதியம் சாப்பிட வந்தவரிடம் டெய்லரக்கா, "உங்க தங்கச்சிகிட்ட வெள்ளைத்துணி முப்பது பீஸ் வேணும்னு சொல்லுங்க," என்பாள். மூன்றடி தள்ளி நிற்கும் தங்கை, "முப்பது பீஸ் அப்பவே வெட்டி வெச்சாச்சுன்னு சொல்லுண்ணே," என்பாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் கேட்டுச்சில்ல," என்று மட்டும் சொல்வார்.

மூன்றாம் நாள் காலை நாத்தனார் வரும்போது கையில் ஒரு பழைய சாம்பல் சட்டை இருந்தது. மிஷின் துடைக்க என்று அண்ணி கட்டிப் போட்டிருந்த கந்தல் மூட்டையிலிருந்து முந்தின நாளே எடுத்துப் போய், துவைத்து, தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் பிடிவாதம் அப்படிப்பட்டது. தொழிலில் பழி விழுந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

"இது போன வருஷம் தைச்ச சட்டை. போட்ட அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"அச்சுல வார்த்த மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

"டாட்டைப் பிரிச்சீங்களா இதுல?"

"இல்லை."

"அப்ப போடுங்க."

டெய்லரக்கா முனகிக்கொண்டே திரைக்குப் பின்னால் போய் மாற்றினாள். பொத்தானைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தவள் இடது பக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். நாத்தனார் திரையை விலக்கி உள்ளே வந்து பார்த்தாள். போன வருஷம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிந்த சட்டை. வலது பக்கம் இன்றும் அப்படியே இருந்தது. இடது பக்கம் துணி உடம்பைத் தொடாமல் லேசாக உப்பி நின்றது.

"பாத்தீங்களா. என் கத்தரி போன வருஷமும் நேர்தான், இந்த வருஷமும் நேர்தான்," என்றாள் நாத்தனார். ஜெயித்த குரலில்தான் தொடங்கினாள். ஆனால் அந்தக் குரல் வாக்கியம் முடிவதற்குள் இறங்கிவிட்டது. துணி மாறவில்லை என்றால் மாறியது என்ன என்று இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது.

"அண்ணி, சட்டையைக் கழட்டுங்க."

"போடி. வேலை கிடக்குது."

"கழட்டுங்கன்னா கழட்டுங்க. கையைத் தூக்குங்க."

கையைத் தூக்குங்க. இந்த முப்பது வருஷத்தில் டெய்லரக்கா எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பாள் அதை. அக்குள் பிடிக்கிறதா என்று பார்க்க எல்லா டெய்லரும் சொல்வதுதான். கண்ணாடி முன்னால் நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, துணியை மட்டுமே பார்த்துப் பழகிய கண்கள் அவை. இன்று அவள் தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

இடது மார்பின் கீழ்ப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. கையை இறக்கினால் காணோம். தூக்கினால் விழுந்தது, உள்ளேயிருந்து யாரோ நூலைப் பிடித்து இழுப்பது போல.

"வலிக்குதா?"

"ஒண்ணுமே இல்லையே. வலிச்சிருந்தா எனக்குத் தெரியாதா," என்றாள் டெய்லரக்கா. குரல் அவளுடையதாகவே இல்லை. நாத்தனார் சட்டையை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டாள். டெய்லரக்கா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். உப்பிய இடத்தை மூன்று தடவை உள்ளே பிடித்துத் தைத்த கைகள் மடியில் கிடந்தன. உடம்பு சொல்லச் சொல்ல, அவள் துணியைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் சட்டை சரியில்லையே என்று ஒரு டெய்லரிடம் போய் நின்றிருப்பார்கள். இவளுக்கு அந்த டெய்லரும் இவளேதான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். மிஷினில் உட்கார்ந்தாள். "சீசன் முடியட்டும். பள்ளிக்கூடம் திறந்ததும் போய்க் காட்டிக்கறேன்," என்றாள்.

"நாளைக்குப் போறோம்."

"இருநூத்தி நாப்பது சீருடை நிக்குது."

"நிக்கட்டும்."

"வயசானா அப்படி இப்படித்தான் இருக்கும். ஐம்பத்தொண்ணு ஆச்சு எனக்கு. பாத்துட்டு வந்து அவங்க ஏதாவது சொல்லிட்டா, அப்புறம் மிஷின்ல கை ஓடாது. தெரியாம இருக்கிற வரைக்கும் நிம்மதி."

நாத்தனார் கத்தரியை எடுத்தாள். பெரிய வெட்டுக்கத்தரி, கருப்புக் கைப்பிடி. அதை ஒரு துணியில் சுற்றி, தன் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள். "அப்ப நான் வெட்ட மாட்டேன். நீங்க டாக்டர்கிட்ட போற வரைக்கும் இந்தக் கடையில ஒரு துணி வெட்டு விழாது. வெட்டாத துணியை எப்படித் தைக்கறீங்கன்னு நானும் பாக்கறேன்."

"மிரட்டறியா?"

"ஆமா அண்ணி. மிரட்டத்தான் செய்யறேன்."

அன்று மதியம் வீட்டுக்காரர் வந்தபோது தபால் எதுவும் கொடுக்கப்படவில்லை. தங்கை நேராகவே சொல்லிவிட்டாள். அவர் தட்டைத் தள்ளிவைத்தார். வளவள பேச்சு தெரியாத மனிதர். ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஃபிரிட்ஜ்ல சின்னதா ஒரு சத்தம் வரும்போதே கூப்பிட்டா பத்து நிமிஷ வேலை," என்றார் கடைசியில். "யாரும் கூப்பிட மாட்டாங்க. குளிரத்தானே செய்யுதும்பாங்க. முழுசா நின்ன பிறகு கூப்பிடுவாங்க. நான் போய் என்ன பண்ணுவேன்." மனைவியைப் பார்த்தார். "நீ அப்படிப் பண்ணிடாதே."

அவர் அவளிடம் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை போவதாக ஒப்புக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மார்பகப் பரிசோதனைப் பிரிவில் இருந்த நர்ஸ், கடையின் வாடிக்கைக்காரி. வருஷா வருஷம் வெள்ளை உடுப்புத் தைக்க வருவாள். வரும்போதெல்லாம், "அக்கா, நாப்பது தாண்டிட்டா ஒரு தடவை வந்து மார்புக்குப் படம் எடுத்துக்கணும். ஒண்ணும் இல்லாதப்பவே எடுக்கணும்," என்று ஒரு நோட்டீஸை மேஜை மேல் வைத்துவிட்டுப் போவாள். கெட்டியான வழவழப்புத் தாள். அந்தத் தாள் என்ன ஆனது என்பதை டெய்லரக்கா யாரிடமும் சொன்னதில்லை. குழந்தைகள் காலருக்கு மாதிரி வெட்ட அதைவிட நல்ல தாள் கிடைக்காது. இரண்டு வருஷமாக உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்ட காலர் அத்தனையும் அந்த நோட்டீஸை வைத்து வரைந்ததுதான்.

"வந்துட்டீங்களாக்கா. இந்தக் கவுனை மாத்திக்கங்க," என்றாள் நர்ஸ்.

மாற்றிக்கொண்டு வந்த டெய்லரக்கா பயத்திலும் வாயை அடக்க முடியாமல், "நாடாவை இவ்வளவு கீழ வெச்சா எப்படிம்மா கட்டறது. யார் தைச்சது இது?" என்றாள்.

"நீங்கதான்கா. போன வருஷம் ஐம்பது பீஸ் தைச்சுக் கொடுத்தீங்களே."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவ்வளவு பயத்துக்கு நடுவிலும் மூவருக்கும் சிரிப்பு வந்தது.

படம் எடுக்கும் அறை குளுகுளுவென்று இருந்தது. மிஷினின் பாதம் துணியை அமுக்கிப் பிடிப்பது போல இரண்டு தட்டு நடுவே மார்பை அமுக்கியது அந்த எந்திரம். வலித்தது. அது நீளுமோ என்று அவள் பல்லைக் கடிப்பதற்குள் முடிந்துவிட்டது. இதற்குத்தானா இத்தனை வருஷம் தட்டிக் கழித்தோம் என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு வேறொரு அறையில் ஊசியால் துளித்துளியாகச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

"நீங்களும் வாங்க. உங்களுக்கும் வயசு நாப்பத்தாறு," என்று நர்ஸ் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தான் இந்தப் படமே."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். "மிரட்டத் தெரியுதில்ல, இப்ப போ," என்றாள் டெய்லரக்கா. அவள் போனாள். அவள் படத்தில் ஒன்றும் இல்லை.

முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் டெய்லரக்கா எண்பது சீருடை தைத்தாள். கை ஓடாது என்று சொன்னவளுக்குக் கை மட்டும்தான் ஓடியது. சாப்பாடு இறங்கவில்லை. நாத்தனார் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள்.

டாக்டர் நடுவயதுப் பெண். சுற்றி வளைக்கவில்லை. "புற்றுநோய்தான். ஆனா ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம். கட்டி ஒன்றரை சென்டிமீட்டர். படத்துல பாத்த வரைக்கும் வேற எங்கயும் பரவின மாதிரி தெரியலை," என்றார்.

முதல் வார்த்தைக்குப் பிறகு டெய்லரக்காவின் காதில் எதுவும் விழவில்லை, அந்த அளவு ஒன்றைத் தவிர. ஒன்றரை சென்டி. கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் டேப்பைத் தொட்டது. தையலுக்கென்று ஓரத்தில் விடும் துணி அவ்வளவுதான். கோட்டுப் பொத்தான் அவ்வளவுதான். அவ்வளவு சின்னது தன் சட்டையைக் கோணலாக்கியது. அவ்வளவு சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டும் விட்டது.

"எடுத்துட முடியுமா டாக்டர்?"

"கட்டியையும் அதைச் சுத்தி கொஞ்சத்தையும் மட்டும் எடுத்தா போதும். அப்புறம் சில வாரம் கதிர் சிகிச்சை. மாத்திரை சில வருஷத்துக்கு. இந்த நிலையில வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க நல்லா இருக்காங்க." டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார், "வலி இல்லை, கைக்குக் கட்டி தட்டுப்படலைன்னு சொல்றீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

டெய்லரக்கா பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். "இவ கத்தரி கோணல்னு சொல்லிட்டேன் டாக்டர். இவளுக்கு ரோஷம் வந்துடுச்சு."

வெளியே வரும்போது நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேளை, ரோஷக்கார நாத்தனார் அமைஞ்சாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடியே படம் எடுக்க ஆரம்பிச்சிருந்தா, சட்டை கோணலாகறதுக்கு முன்னாடியே பாத்திருக்கலாம். இது அதிர்ஷ்டத்துல கிடைச்சது. எல்லாருக்கும் அதிர்ஷ்டம் அமையறதில்லக்கா."

டெய்லரக்காவுக்கு அந்தக் காலர்த்தாள் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆணியில் மாட்டியிருந்த மாதிரித் தாள்களை இறக்கித் தேடினாள். வளைவாக வெட்டப்பட்ட வழவழப்புத் தாளில் பாதி வாக்கியம் மிச்சமிருந்தது: 'வலி இல்லை என்பதற்காகக் காத்'. மீதி வார்த்தைகள் எந்தக் குப்பையில் போயினவோ.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்குள் நெறிக்கட்டை எடுத்துப் பார்த்ததிலும் பரவல் இல்லை. அந்தச் செய்தியைக் கேட்டு வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். பிறகு போய், அந்த வார்டில் ரொம்ப நாளாகக் கடகடத்துக்கொண்டிருந்த தண்ணீர் குளிர்விக்கும் எந்திரத்தைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு வந்தார். நன்றி சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

மிச்சச் சீருடைகளை நாத்தனார் தானே வெட்டித் தானே தைத்தாள். மிதிக்கும் காலுக்கும் பிடிக்கும் கைக்கும் ஒத்துப்போகாமல் பல காலர் தூக்கிக்கொண்டு நின்றன. அவள் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளும் போட்டுக்கொண்டு போனார்கள். கதிர் சிகிச்சைக்குத் தினமும் காலையில் பேருந்தில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவளும் அவள்தான். ஜன்னலோர இடத்தை அண்ணிக்குக் கொடுத்து, இடது தோளில் யாரும் இடிக்காதபடி தான் குறுக்கே உட்கார்ந்துகொள்வாள். திரும்பும் வழியில் இருவரும் ஆளுக்கொரு டீயும் பன்னும். சில நாள் டெய்லரக்காவுக்கு அயர்ச்சியில் பேச்சே வராது. அப்போதும் தன் பன்னில் பாதியைப் பிய்த்து நாத்தனார் பக்கம் நீட்டுவாள்.

மழைக்காலம் தொடங்கியபோது சிகிச்சை முடிந்தது. முதல் நாள் கடைக்கு வந்து உட்கார்ந்த டெய்லரக்கா, மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். வெளியே மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் நர்ஸ் கொடுத்த புதிய நோட்டீஸ் ஒன்று முழுசாக ஒட்டப்பட்டிருந்தது. இனி அளவு கொடுக்க வரும் பெண்களிடம், கையைத் தூக்கச் சொல்லும்போதே, படம் எடுத்தாயா என்று கேட்பது என்று முடிவு செய்திருந்தாள். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறவர்கள் போகட்டும்.

"அண்ணி, எந்திரிங்க. அளவு எடுக்கணும்," என்றாள் நாத்தனார். கையில் புதிய சாம்பல் துணி.

"என் அளவு உனக்குத் தெரியாதா?"

"பழைய அளவுதான் தெரியும்."

இடது பக்கம் கொஞ்சம் சின்னதாகியிருந்தது. கீழே ஒரு தழும்பும், அதைச் சுற்றி வெயிலில் காய்ந்த மாதிரி கருத்த தோலும். டெய்லரக்கா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. பழைய சட்டை எதுவும் சரியாக உட்காரவில்லை, அதனால் சால்வை ஒன்றைப் போர்த்தியபடியே நடமாடிக்கொண்டிருந்தாள். நாத்தனார் டேப்பை வைத்து வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை எனத் தனித்தனியாக அளந்தாள். தழும்பு இருந்த இடத்தில் டேப் படாமல் கையை மட்டும் வைத்து அளந்தாள்.

பிறகு துணியை மேஜை மேல் விரித்தாள். பதின்மூன்று வருஷமாக முதலில் செய்வதைச் செய்யவில்லை. துணியை மடிக்காமல் அப்படியே நீளமாகப் போட்டாள்.

"மடிக்கலையா?"

"மடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் விழும்."

இரண்டு தாள். ஒன்றில் வலது, ஒன்றில் இடது. ஒவ்வொன்றையும் வைத்து, வரைந்து, தனித்தனியாக வெட்டினாள். இரட்டை வேலை. கத்தரி துணியில் ஓடும் சத்தமும் மழைச் சத்தமும் தவிர வேறு எதுவும் இல்லை. டெய்லரக்கா துண்டுகளை வாங்கித் தைத்தாள். இடது டாட்டைப் பிடிக்கும்போது கண்ணை நீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு தைத்தாள்.

சாயங்காலம் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டாள். சால்வை ஆணியில் தொங்கியது. யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தாள். துணி எங்கும் உப்பவில்லை, எங்கும் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் உடம்போடு போய் உட்கார்ந்திருந்தது.

வெளியே வந்து, மேஜையில் துண்டுத்துணிகளைக் கூட்டிக்கொண்டிருந்த நாத்தனாரின் முன்னால் நின்றாள். எத்தனையோ நாளாக நன்றி சொல்ல நினைத்திருந்தாள். சொன்னால் இருவரும் அழுதுவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"நான் அன்னைக்குச் சொன்னது சரிதான்," என்றாள் டெய்லரக்கா. "உன் கத்தரி கோணல். பாரு, ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி வெட்டி வெச்சிருக்கே."

நாத்தனார் துணிகளைக் கீழே வைத்தாள். அண்ணியின் சட்டைக் காலரை நீவி நேராக்கினாள்.

"ஆமா அண்ணி," என்றாள். "இந்தத் தடவை தப்பு என்னோடதுதான்."